குழந்தைக்கு செல்போன்: வாங்கும் முன் பிரித்துப் பார்க்க வேண்டிய மூன்று தேவைகள்

மூன்றாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படிக்கும் பிள்ளைக்கு போன் வாங்கித் தரலாமா என்று யோசிக்கும் பெற்றோரிடம் "எதற்காக?" என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள் கலந்து வரும். ஸ்கூல் வேன் லேட்டானால் பேச வேண்டும். ஹோம்வொர்க் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. கிளாஸில் எல்லாரிடமும் இருக்கிறது என்று தினமும் அடம். மூன்றும் வெவ்வேறு தேவைகள். ஒரே ஸ்மார்ட்போனால் மூன்றையும் தீர்க்கப் பார்ப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பேசுவதற்கு பட்டன் போன் போதும். ஹோம்வொர்க்குக்கு வீட்டில் இருக்கும் போனே போதும், அதைச் சரியாக அமைத்துக்கொண்டால். அடத்துக்கு போன் மருந்தாகாது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பத்து, பதினோரு வயதுக்குக் கீழே, பிள்ளைக்கென்று தனி ஸ்மார்ட்போன் தேவைப்படும் வீடுகள் மிகக் குறைவு. ஆனால் "நாங்கள்தான் வாங்கியே தரவில்லையே" என்று நிம்மதியாக இருக்கும் வீடுகளில்தான் கவனம் அதிகம் தேவை. அங்கே பிள்ளைகள் அம்மாவின் போனில், அம்மாவின் கணக்கில், பெரியவர்களுக்கான எல்லாமே திறந்து கிடக்கும் நிலையில் இருக்கிறார்கள். போன் வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வி எழுவதற்கு முன்பே போன் கைக்குப் போய்விட்டது.

அம்மாவின் போன்தான் முதல் போன்

2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது பாடம் போனுக்கு வந்தது. பள்ளிகள் திறந்த பிறகும் வகுப்பு வாட்ஸ்அப் குரூப் போகவில்லை. கையில் போன் இருந்தால் பிள்ளைகள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. பிள்ளைகளின் கல்வி நிலையைப் பார்க்க கிராமப்புற இந்தியாவில் நடத்தப்பட்ட அசர் 2024 கணக்கெடுப்பில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் சுமார் 57 சதவீதம் பேர் அதற்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் சுமார் 76 சதவீதம். "படிக்கத்தான் கேட்கிறான்" என்று நம்பும் பெற்றோர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மாலை ஏழு மணிக்கு வழக்கமாக நடப்பது இது. மிஸ் கரும்பலகையை போட்டோ எடுத்து குரூப்பில் போட்டிருப்பார். அடுப்படியில் வேலையாக இருக்கும் அம்மா, "பார்த்து எழுதிட்டுக் குடு" என்று போனைத் தருவார். எழுத வேண்டியது ஆறு வரி, பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தில் மேலே ஒரு நோட்டிஃபிகேஷன் விழும், யாரோ அனுப்பிய ரீல்ஸ் லிங்க் திறக்கும், அதிலிருந்து அடுத்தது. முக்கால் மணி நேரம் கழித்து அம்மா வந்து பார்க்கும்போது மூன்று வரி எழுதப்பட்டிருக்கும். இதைப் பிள்ளையின் ஒழுக்கக் குறைவாகப் பார்ப்பது நியாயமில்லை. பார்ப்பவர் நகராமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே வடிவமைக்கப்பட்ட ஒன்றை, எட்டு வயதில் தானாக மூடிவைக்கும் கட்டுப்பாடு இருக்காது. பெரியவர்களுக்கே கஷ்டம்.

எளிய வழி, ஹோம்வொர்க்கை போனிலிருந்து காகிதத்துக்கு மாற்றிவிடுவது. ஆறு வரி என்றால் பெரியவர் ஒருவர் படிக்கப் படிக்கப் பிள்ளை எழுதிக்கொள்ளலாம். பக்கம் பக்கமாக வந்தால் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவிடலாம். பெற்றோர் கூட்டத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து "டைரியில் எழுதிப் போடுங்கள் மிஸ்" என்று கேட்டால் பல ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

போனைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு ஆப்பில் பூட்டிக் கொடுங்கள். ஆண்ட்ராய்டில் இதன் பெயர் 'ஆப் பின்னிங்'. சில கம்பெனி போன்களில் 'ஸ்க்ரீன் பின்னிங்' என்று இருக்கும். செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குள் இருக்கும், கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் தேடலாம். ஆன் செய்யும்போது, வெளியேற ரகசிய எண் கேட்கும் வசதியையும் சேர்த்தே ஆன் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால் பிள்ளைகள் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தி வெளியே வந்துவிடுவார்கள். பிறகு தேவையான ஆப்பைத் திறந்து, சமீபத்திய ஆப்கள் வரிசைக்குப் போய், மேலே உள்ள ஆப் ஐகானைத் தொட்டு 'பின்' கொடுக்க வேண்டும். ஐபோனில் இதே வேலையைச் செய்வது 'கைடட் ஆக்சஸ்'. செட்டிங்ஸில் ஆன் செய்துவிட்டால் பக்கவாட்டு பட்டனை மூன்று முறை அழுத்தினால் போதும். வாட்ஸ்அப்பை இப்படிப் பூட்டிக் கொடுப்பதில் பயனில்லை. உள்ளே எல்லா சாட்டும், ஸ்டேட்டஸும், சேனலும் திறந்தே இருக்கும். ஹோம்வொர்க் போட்டோவை கேலரியில் திறந்து, அந்த ஆப்பைப் பூட்டிக் கொடுங்கள்.

அடுத்தது பணம். ஓடிபி இருக்கிறதே என்று நினைக்கிறோம். அந்த ஓடிபி வந்து விழுவது பிள்ளை கையில் இருக்கும் அதே போனில். யுபிஐ ரகசிய எண்ணை நாம் கடையில் அழுத்தும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதும் அவர்கள்தான். யுபிஐ லைட் ஆன் செய்திருந்தால் ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை ரகசிய எண்ணே கேட்காமல் போகும். பிள்ளை எடுக்கும் போனில் யுபிஐ லைட்டை ஆஃப் செய்துவிட்டு, பணம் அனுப்பும் ஆப்களுக்குத் தனிப் பூட்டுப் போடுங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்ப்பு கேட்கும்படி மாற்றுங்கள். சேமித்து வைத்த கார்டு இருந்தால் நீக்குங்கள். கேமுக்குள் டைமண்ட், ஸ்கின் என்று 29 ரூபாய், 79 ரூபாயாகப் போகும் தொகை, மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

யூடியூபில் வரும் சிக்கல் வேறு. பெரியவர் பார்த்ததை வைத்துத்தான் அடுத்த வீடியோ வரும். அப்பா இரவில் க்ரைம் செய்தி பார்த்திருந்தால், மறுநாள் ரைம்ஸுக்குக் கீழே அதுவும் நிற்கும். சின்னப் பிள்ளைகளுக்கு யூடியூப் கிட்ஸ் ஆப்பைத் தனியாகப் போட்டு, அதன் பூட்டு ஐகானுக்குள் போய் வயதுப் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம்: 4 வயது வரை, 5 முதல் 8, 9 முதல் 12. அங்கேயே, நீங்கள் தேர்ந்தெடுத்த சேனலும் வீடியோவும் மட்டும் வரும்படி வைக்கும் வசதியும் இருக்கிறது. உட்கார்ந்து இருபது சேனல் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் ஆகும். எந்தத் தானியங்கி வடிகட்டியை விடவும் அந்த ஒரு மணி நேரம் நன்றாக வேலை செய்கிறது.

ஒரு விதிவிலக்கு. அப்பா வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருக்கும் வீட்டில் வீடியோ காலில் பேசுவதை 'ஸ்க்ரீன் டைம்' கணக்கில் சேர்த்துக் குறைக்க வேண்டியதில்லை. ஒன்றரை வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமிகூட வீடியோ அழைப்பை விலக்கியே வைத்தது. எதிர்முனையில் பதில் பேசும் ஆள் இருப்பதுதான் காரணம்.

பேசுவதற்கு என்றால்

முதலில் செய்ய வேண்டியதற்குச் செலவே இல்லை. அம்மா, அப்பா, வீட்டில் எப்போதும் இருக்கும் இன்னொருவர் என மூன்று பேரின் பத்து இலக்க எண்களைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்ய வையுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே இது வரும். ஐந்து ஐந்தாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு வாரம் போதும். பிறகு பக்கத்துக் கடை போனிலிருந்து பிள்ளையையே டயல் செய்ய வைத்துப் பாருங்கள். நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். எண் தெரியும், ஆனால் பூட்டிய போனை எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று தெரியாது. போன் தொலையும், சார்ஜ் இறங்கும், பிடுங்கப்படும். மனதில் இருக்கும் எண் எங்கும் போகாது. அவசர உதவிக்கான 112, குழந்தைகள் உதவிக்கான 1098 இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

டியூஷனுக்கு, கராத்தே கிளாஸுக்குத் தனியாகப் போய்வரும் வயது வந்துவிட்டால், 'வீட்டு போன்' என்று ஒரு பட்டன் போன் வாங்கி வைப்பதுதான் நாங்கள் பரிந்துரைப்பது. அது பிள்ளையின் போன் ஆகாது. பழைய லேண்ட்லைன் மாதிரி வாசல் பக்கத்து ஷெல்ஃபில் சார்ஜரோடு இருக்கும். வெளியே போகிறவர் எடுத்துப் போவார், வந்ததும் அங்கேயே வைப்பார். 'என் போன்' என்ற உரிமைப் பேச்சு எழாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடு பெரிதும் உதவும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. 2ஜி மட்டும் உள்ள பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஜியோவிடம் 2ஜி சேவையே இல்லை. 4ஜி பட்டன் போன் எல்லாமே வெறும் பேசும் போன் என்றும் நினைக்க வேண்டாம். 2023-இல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் போனிலேயே சினிமாவும் பாட்டும் பணம் அனுப்பும் வசதியும் இருந்தன. கடையில் போனை வாங்கிப் பார்த்து, மெனுவில் வீடியோ ஆப், பிரௌசர், கேம்ஸ் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

சிம் பெற்றோர் பெயரில்தான் கிடைக்கும். 18 வயது ஆகாதவர்களுக்கு சிம் விற்கக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2021-இல் உத்தரவிட்டிருக்கிறது. அந்த எண்ணிலிருந்து நடப்பதற்கெல்லாம் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் பெயர் கொடுத்தவர். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய சிம்மைத் தருவதற்கு முன், அது வங்கிக் கணக்கிலோ ஆதாரிலோ இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இணைந்திருந்தால் அந்த சிம் வேண்டவே வேண்டாம். ரீசார்ஜில், டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்குகளைத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்ட பிறகு 2025 தொடக்கத்திலிருந்து அவை கிடைக்கின்றன. ஆப் முகப்பில் கண்ணில் படாது, தேடித்தான் எடுக்க வேண்டும். வேலிடிட்டி முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ரீசார்ஜ் தீர்ந்தது தெரியாமல், தேவைப்படும் நாளில் போன் ஊமையாகிக் கிடப்பதுதான் வீட்டு போனில் அடிக்கடி நேரும் குறை.

சிம் போட்ட கைக்கடிகாரம் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். இடத்தைக் காட்டுவதும் பேசுவதும் நல்ல வசதிகள்தான். விலை குறைந்தவற்றில் பேட்டரி ஒரு பள்ளி நாளைத் தாண்டாது, இடத்தைக் காட்டும் புள்ளி இரண்டு தெரு தள்ளி நிற்கும், பிள்ளையின் இருப்பிடம் எந்த நாட்டு சர்வரில் சேர்கிறது என்று தெரியாது. பெற்றோர் ரகசியமாக ஒட்டுக்கேட்கும் வசதி கொண்ட குழந்தைக் கடிகாரங்களை ஜெர்மனி 2017-இல் தடைசெய்தது. அப்படியொரு வசதி இருந்தால் அந்தக் கடிகாரத்தை வாங்காமல் விடுவது நல்லது. வகுப்பறையில் மற்றப் பிள்ளைகள் பேசுவதும் அதில் கேட்கும்.

ஸ்மார்ட்போன் உண்மையிலேயே தேவைப்படும் பிள்ளைகள்

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளை இதற்குத் தெளிவான உதாரணம். கையில் ஒட்டிய சென்சார் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவை ப்ளூடூத் வழியாக போனுக்கு அனுப்பும். சர்க்கரை இறங்கினால் வீட்டிலிருக்கும் அம்மாவின் போனிலும் அலாரம் அடிக்கும். போன் சென்சாருக்கு எட்டும் தூரத்துக்குள் இருந்தாக வேண்டும். இங்கே போன் மருத்துவக் கருவி. டாக்டரின் கடிதத்தோடு பள்ளியில் பேசி அனுமதி வாங்கி வைக்க வேண்டும். காது கேளாத பிள்ளை சைகை மொழியில் வீடியோவில் பேசுவதும் இப்படித்தான். அம்மா ஒரு வீட்டிலும் அப்பா ஒரு வீட்டிலுமாக வளரும் பிள்ளைக்கும் சில நேரம் தனி போன் நியாயமாகிறது.

அப்படித் தருவதென்றால், பழைய ஆண்ட்ராய்டு போனை அப்படியே கையில் கொடுக்கக் கூடாது. முதலில் உங்கள் கூகுள் கணக்கை அதிலிருந்து நீக்குங்கள். பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். நீக்காமல் ரீசெட் போட்டால் பழைய கணக்கின் பாஸ்வேர்டு கேட்டு போன் பூட்டிக்கொள்ளக்கூடும். புதிதாகத் தொடங்கும்போது பிள்ளைக்கென்று ஒரு கணக்கு உருவாக்கி, உங்கள் கணக்கால் ஒப்புதல் தந்து, பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த கூகுள் தரும் ஃபேமிலி லிங்க் ஆப்பை உங்கள் போனில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த போனில் பிள்ளையின் கணக்கு மட்டுமே இருக்க வேண்டும். அப்பாவின் கணக்கும் கூடவே இருந்தால், அதன் வழியாகப் பிள்ளை எந்த ஆப்பையும் இறக்கிவிடும்.

பெரிய தவறு நடப்பது பிறந்த தேதியில். 13 வயது ஆகவில்லை என்றால் கூகுள் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது என்பதால், கடைக்காரரோ மாமாவோ 2000-இல் பிறந்ததாகப் போட்டு ஐந்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த நிமிடம் முதல் அந்தப் பிள்ளை 25 வயது கடந்த ஆள். விளம்பரமும், தேடல் முடிவும், வீடியோவும் அதற்கேற்ப வரும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களைக் குழந்தைகளாகக் கொண்டு, அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கும் விதியைக் கொண்டிருக்கிறது. பொய்த் தேதி கொடுத்த பிள்ளை அந்தப் பாதுகாப்பிலிருந்து தானே வெளியே நின்றுவிடும்.

ஃபேமிலி லிங்கில் முதல் நாளே நான்கை முடித்துவிடுங்கள்: எந்த ஆப் இறக்கினாலும் உங்கள் அனுமதி, குரோமில் நீங்கள் அனுமதித்த தளங்கள் மட்டும், இரவு எட்டு முதல் காலை ஏழு வரை பூட்டு, ஒரு நாளுக்கு மொத்த நேர வரம்பு. இதற்கும் எல்லை உண்டு. சாட்டில் யார் என்ன எழுதுகிறார்கள் என்பதை ஃபேமிலி லிங்க் காட்டாது. கேமுக்குள் நடக்கும் பேச்சும் அதற்குத் தெரியாது. அனுமதித்த ஆப்புக்குள்ளேயே ஒரு விளம்பரத்தைத் தொட்டால் சின்ன பிரௌசர் திறப்பதும் உண்டு. பிள்ளையின் போனில் நெட் இல்லாத நேரத்தில் நீங்கள் மாற்றும் அமைப்பு, நெட் வந்த பிறகுதான் போய்ச் சேரும். எல்லாவற்றையும் விட, உங்கள் ரகசிய எண்ணை அவர்கள் பார்த்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஆகவே மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பிறந்த வருடத்தை வைக்காதீர்கள். ஐபோனில் இதே மாதிரிக் கட்டுப்பாடுகளைத் தரும் 'ஸ்க்ரீன் டைம்' வசதிக்கான பாஸ்கோடு, போனைத் திறக்கும் எண்ணாக இருக்கவே கூடாது.

டேட்டா பேக்கும் ஒரு வரம்புதான். நாளுக்கு 1.5 ஜிபி பேக் என்றால் சாதாரணத் தரத்தில் சுமார் மூன்று மணி நேர வீடியோ ஓடும். பிள்ளையின் சிம்மில் டேட்டாவே இல்லாமல், வீட்டு வைஃபையில் மட்டும் நெட் கிடைக்கும்படி வைத்தால் பாதிக் கண்காணிப்பு தானாக நடந்துவிடும். பேக் முடிந்ததும் தாத்தாவின் போனைத் தேடிப் போவார்கள். தாத்தா பாட்டியிடமும் முன்பே பேசி வைக்க வேண்டும், மரியாதையோடு, பிள்ளை இல்லாத நேரத்தில்.

கண், தூக்கம், கதிர்வீச்சு

இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் இது: இரண்டு வயது வரை எந்தத் திரையும் வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வரை பெரியவர் உடனிருக்க ஒரு நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், ஐந்து முதல் பத்து வரை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவு. இதில் டிவியும் சேர்த்தி. டிவி ஒரு மணி நேரம் ஓடிவிட்டால் போனுக்கு மிச்சம் கொஞ்சம்தான்.

கிட்டப்பார்வை விஷயத்தில் திரையைக் குறைப்பது பாதி, வெளியே அனுப்புவது மீதி. சீனாவின் குவாங்சோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தில் தினமும் 40 நிமிடம் திறந்தவெளி வகுப்பு கூடுதலாகத் தந்து மூன்று வருடம் கவனித்தார்கள். 2015-இல் வெளியான அந்த முடிவின்படி, புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் சுமார் 30 சதவீதம், மற்றவற்றில் சுமார் 40 சதவீதம். வெளிச்சம் கண்ணுக்கு எட்டினால் போதும். மாலை நாலரைக்குத் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடுவதும் கணக்கில் வரும். போனைப் பிடுங்கிவிட்டுப் பிள்ளையை ட்யூப்லைட்டுக்கு அடியில் டியூஷனில் உட்கார வைத்தால் கண்ணுக்குப் பெரிய லாபமில்லை.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவில் எல்லா போனும், பெரியவர்களுடையதும் சேர்த்து, ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகட்டும். "அலாரத்துக்கு போன் வேண்டும்" என்பதுதான் வழக்கமான சாக்கு. மேஜைக் கடிகாரம் ஒன்று வாங்கிவிட்டால் அந்தச் சாக்கும் இருக்காது.

கதிர்வீச்சைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: உடல் உறிஞ்சும் கதிர்வீச்சின் அளவைக் குறிக்கும் எஸ்ஏஆருக்கு, இந்தியாவில் விற்கும் போன்களில் உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 வாட், *#07# அழுத்தினால் உங்கள் போனின் அளவு தெரியும். முடிவெடுக்க இதைவிடப் பெரிய காரணங்கள் மேலே இருக்கின்றன.

"எல்லாரிடமும் இருக்கு"

எல்லாரிடமும் இருக்காது. மூன்று பெற்றோருக்கு நீங்களே போன் செய்து கேட்டால் தெரிந்துவிடும். பெரும்பாலும் அவர்கள் பிள்ளைகளும் உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் அடம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த மூன்று வீடும் "ஏழாம் வகுப்பு வரை இல்லை" என்று ஒன்றாக முடிவெடுத்தால், பிள்ளைக்குத் தனித்து நிற்கும் வேதனை இருக்காது. அந்த வேதனை நிஜமானது, அதைக் கிண்டல் செய்யக் கூடாது. பள்ளிக்குள்ளே போனைத் தடுக்கும் சட்டத்தை பிரான்ஸ் 2018-இலேயே கொண்டுவந்தது. 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் தடுத்திருக்கிறது. தனி வீடாகப் போராடுவது கடினம் என்பதால்தான் அரசுகளே இறங்கின.

இன்ஸ்டாகிராமும் ஸ்னாப்சாட்டும் தங்கள் விதியிலேயே 13 வயது என்று வைத்திருக்கின்றன. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாமே கணக்கு திறந்து கொடுத்தால், வயதை மறைத்துச் சொல்லலாம் என்பதையும் நாமே கற்றுக்கொடுத்ததாகும்.

வெளிநாட்டிலிருந்து வரும் சித்தப்பா டேப்லெட் வாங்கி வந்தால் அது மறுக்க முடியாத பரிசு. வாங்கிக்கொண்டு, பிள்ளை கையில் போகும் முன் மேலே சொன்ன அமைப்புகளை முடித்து, ஹாலில் வைக்கும் பொருளாக ஆக்கிவிடலாம்.

ஏதாவது நடந்துவிட்டால்

தெரியாத ஒருவர் கேம் சாட்டில் போட்டோ கேட்டிருக்கலாம், மோசமான படம் ஒன்று வந்திருக்கலாம். பிள்ளை அதை உங்களிடம் சொல்லும்போது உடனே போனைப் பிடுங்காதீர்கள், திட்டாதீர்கள். சொன்னதற்குத் தண்டனை என்று புரிந்துகொண்டால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள். மிரட்டுபவர்கள் நம்பியிருப்பது அந்தப் பயத்தைத்தான். சாட்டை அழிக்க வேண்டாம். எதிரில் இருப்பவரின் பெயர், எண், நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். பிள்ளையின் அந்தரங்கப் படம் சம்பந்தப்பட்டிருந்தால் அதை யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாமல், நேரடியாகக் காவல்துறையிடம் காட்டுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-இன் போக்சோ சட்டம் இதற்குப் பொருந்தும். பணம் போயிருந்தால் இணைய மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அன்றைக்கே, முடிந்தால் முதல் சில மணி நேரத்துக்குள் அழையுங்கள். பணம் கைமாறும் முன் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. குழந்தைகள் மீதான இணையக் குற்றங்களை மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் பதிவு செய்யலாம்.